விசுவமடுவில லினக்ஸ் மின்ட்ல கேம்: நாலு மாச அனுபவம்

முதலே சொல்லிப்போடுறன், நான் கொம்பியூட்டர் படிச்ச ஆள் இல்ல. ஹாட்வெயார் கடையில வேலை, ஹாட்வெயார் எண்டா சீமெந்து, கம்பி, ஆணி விக்கிற ஹாட்வெயார். இரவு வீட்ட வந்து சாப்பிட்டுப்போட்டு ஒரு ரெண்டு மணித்தியாலம் கேம் அடிக்கிறதுதான் என்ர ஒரே கெட்ட பழக்கம் (மனிசியைக் கேட்டா வேற லிஸ்ட் தருவா).

என்னட்ட இருக்கிறது ஆரோ கந்தோரில பாவிச்சுக் கழிச்ச டவர் ஒண்டு. இன்டெல் ஐ5 ஃபோர்த் ஜென் (நாலாம் தலைமுறை), 8 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 எண்டா எய்த் ஜென்னுக்குக் கீழ இருக்கிற இன்டெல்லை எடுக்கவே மாட்டுதாம், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேற கேக்குது, அதுக்காக நல்லா ஓடுற பெட்டியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரேல்ல. அறிவியல் நகர் கம்பஸில படிக்கிற தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பென் ட்ரைவ் ஒண்டில லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டம்) கொண்டந்து தந்தவன், "அண்ணை போட்டுப் பாருங்கோ, பிடிக்காட்டி அழிச்சுவிடலாம்" எண்டு. போட்டன். அரை மணித்தியாலம்கூட ஆகேல்ல.

இனி விஷயத்துக்கு வாறன். விண்டோஸ் கேம் லினக்ஸில எப்பிடி ஓடுது எண்டு எனக்கும் முதல் விளங்கேல்ல. கந்தோருக்குப் போனா சிங்களத்தில வந்த கடிதத்தைப் பக்கத்தில நிக்கிற ஆரும் வாசிச்சுத் தமிழில சொல்லுவினமெல்லே, அந்த வேலையைத்தான் ப்ரோட்டான் எண்டொரு சாமான் செய்யுது. அடியில இருக்கிறது வைன் எண்ட சொஃப்ட்வெயார், 1993ல தொடங்கினது, அதுக்கு மேல வால்வ் கொம்பனிக்காரர் 2018 ஆகஸ்டில ப்ரோட்டானைக் கட்டி, ஸ்டீம் எண்ட தங்கட கேம் விக்கிற அப்புக்குள்ளயே வைச்சிட்டினம். படம் கீறச் சொல்லி கேம் விண்டோஸின்ர டைரக்ட்எக்ஸில கேக்கிறதை டிஎக்ஸ்விகே எண்டது லினக்ஸுக்கு விளங்கிற வல்கனுக்கு மாத்திக் குடுக்குது. 2022ல வந்த ஸ்டீம் டெக் எண்ட கையில வைச்சு விளையாடுற பெட்டியும் லினக்ஸ்தான், அதை விக்கோணும் எண்டுதான் அவையள் இவ்வளவு மினக்கெட்டது, அந்தப் புண்ணியத்தில விசுவமடுவில நானும் விளையாடுறன்.

ஒண்டு கவனம். முதல் மாசம் தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் போர்டில இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸோடயே பாத்தன், கொஞ்சம் புதுக் கேம் ஒண்டும் திறக்கவே இல்ல. இப்பத்தை டிஎக்ஸ்விகேக்கு வல்கன் 1.3 வேணும், ஃபோர்த் ஜென்னில அது இல்ல. பேந்து வவுனியாவில செக்கன்ட் ஹாண்டா என்விடியா 1050 டிஐ 4 ஜிபி கார்ட் ஒண்டு எடுத்தன், 75 வாட்ஸ் கார்ட், நான் எடுத்ததுக்குத் தனிப் பவர் வயரும் தேவையில்ல, கந்தோர்ப் பெட்டியின்ர சின்னப் பவர் சப்ளைக்கு அதுதான் சரி. குத்தின உடன ஓடும் எண்டு நினைக்காதேங்கோ, மின்ட் தானா போடுற ட்ரைவரில கேம் படம் படமாத்தான் நகரும். ட்ரைவர் மனேஜரைத் திறந்து ரெக்கமன்டட் எண்டு கிடக்கிறதைப் போட்டு ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ.

இப்ப டவுன்லோட். எங்கட பக்கத்தில இது கேமை விடப் பெரிய சோலி. என்ர பக்கேஜில பகல் டேட்டா கொஞ்சம், நடுச்சாமத்துக்குப் பிறகுதான் கூட, விட்ச்சர் 3 எண்டா 50 ஜிபிக்குக் கிட்ட வரும், நான் எத்தினை சாமம் முழிச்சிருக்கிறது. வவுனியாவில ஒரு கூட்டாளியிட்ட அதே கேம் ஸ்டீமில இருக்கு, அவனிட்ட விண்டோஸ். எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க்கைத் துவாயில சுத்தி பாக்குக்குள்ள வைச்சு ஏ9ல பஸ்ஸில கொண்டந்தன், இறங்கும் வரைக்கும் அது மடியிலதான் இருந்தது. வீட்ட வந்து குத்தி, அந்த டிஸ்கில இருந்தே நேர ஓடப் பாத்தன். ப்ளே அமத்தினா ரெண்டு செக்கன் சுத்திப்போட்டு திரும்பவும் ப்ளே எண்டு பச்சையா வந்து நிக்குது. ஒரு எரர் இல்ல, ஒரு சத்தம் இல்ல. ரெண்டு இரவு போட்டுது.

பிழை கேமில இல்ல, டிஸ்க் ஃபோர்மட் பண்ணிக் கிடந்தது விண்டோஸின்ர என்டிஎஃப்எஸ் முறையில, ப்ரோட்டானுக்கும் அதுக்கும் ஒத்துவராது. கேம் ஃபோல்டரை என்ர லினக்ஸ் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணினன், ஸ்டீம்ஆப்ஸுக்குள்ள கொமன் எண்ட இடத்தில, அதோட அந்தக் கேமின்ர விபரம் இருக்கிற சின்ன ஏசிஎஃப் ஃபைலையும் கொமனுக்கு வெளியால ஸ்டீம்ஆப்ஸுக்குள்ளயே போட்டு. ஸ்டீமை மூடித் திறக்க அது எல்லாத்தையும் சரி பாத்துப்போட்டு ஒரு 300 எம்பி மட்டும் இறக்கிச்சு. 50 ஜிபிக்குப் பதிலா 300 எம்பி! அண்டைக்கு எனக்கு வந்த புழுகம் சொல்லி வேலை இல்ல. இன்னொண்டும் சொல்லோணும், சில கேமுக்கு லினக்ஸுக்கெண்டே தனி வேர்ஷன் இருக்கும், அதுக்கு விண்டோஸ் ஃபைலைக் கொப்பி பண்ணினா ஸ்டீம் லினக்ஸ் ஃபைலைத் தேடித் திரும்ப முழுக்க இறக்கப் பாக்கும், அதுக்கு ப்ரொப்பட்டீஸில கொம்பாட்டிபிலிட்டிக்குப் போய் ப்ரோட்டானைத்தான் பாவி எண்டு கட்டாயப்படுத்தினாச் சரி. இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல, டேட்டா அநியாயமாப் போகத்தான் கண்டுபிடிச்சன்.

விட்ச்சர் டைரக்ட்எக்ஸ் 11ல 1080பி மீடியத்தில 40 எஃப்பிஎஸ்க்கு (செக்கனுக்கு 40 படம்) கிட்ட நிக்குது, ஃபேன் சத்தம் மட்டும் சூடடிக்கிற மெஷின் மாதிரி. முதல் தரம் ஒரு கேமைத் திறக்கேக்க வல்கன் ஷேடர் ப்ரொசெஸ் பண்ணுறன் எண்டு ஒரு கோடு வரும், அது என்ர நாலு கோர் பெட்டியில நகராது, அதுக்குள்ள ஒரு பிளேன்டீ ஊத்திக் குடிச்சுப்போட்டு வரலாம். ஸ்கிப் பண்ணலாம்தான், பண்ணினா சண்டை நேரம் பாத்து விக்கும். நெட் கஃபேயில காசு குடுத்து விளையாடின பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி லூட்ரிஸில (ஸ்டீமில இல்லாத கேமையும் ஓட்டுற ஒரு அப்) சுகமா ஓடுது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டுக்கும் லினக்ஸ் வேர்ஷனே இருக்கு.

குறை எண்டா ரெண்டு. சின்னது என்ர பிழை. கார்த்திகை மழைக்க ஒரு நாள் ட்ரைவர் அப்டேட் பாதியில கரண்ட் போட்டுது, யூபிஎஸ் பற்றரி செத்து ஆறு மாசம், திரும்பப் போட்டா கறுப்புத் திரை. டைம்ஷிஃப்ட் எண்டு மின்ட்டோடயே வாற ஒண்டை முதல் நாளே செட் பண்ணி வைச்சபடியால, ரிக்கவரி மோடுக்குள்ள போய் அப்டேட்டுக்கு முந்தின நிலைமைக்குத் திருப்பினன். அதைச் செய்து வைக்காமல் அப்டேட் அமத்தாதேங்கோ.

பெரிய குறை ஆன்லைன் கேம். அக்கான்ர மகன் ஏஎல் எழுதிப்போட்டு நிக்கிறார், முதல் நாளே வந்து கதிரையில இருந்துகொண்டு கேட்டது இதைத்தான்.

"மாமா, வலோரண்ட் வருமோ?"

வராது. வான்கார்ட் எண்ட அன்டி சீட் (களவா விளையாடுறவையைப் பிடிக்கிறது) விண்டோஸின்ர அடி மட்டும் போய் இருக்கிற சாமான், அதை ப்ரோட்டானால ஒண்டும் செய்யேலாது. ஃபோர்ட்நைட்டும் இல்ல, பப்ஜியின்ர பிசி வேர்ஷனும் இல்ல. ஏபெக்ஸ் முந்தி ஓடினது, 2024 ஒக்டோபர் கடைசியில லினக்ஸ்காரரைத் தடுத்துப்போட்டினம். ஜிடிஏ 5 கதை ஓடும், ஆனா 2024 செப்டெம்பரில பேட்டில்ஐ எண்ட அன்டி சீட்டைப் போட்ட பிறகு ஒன்லைன் இல்ல. இதில எனக்கு விசர் வாறது என்னெண்டா, பேட்டில்ஐ, ஈசி அன்டி சீட் ரெண்டும் 2021ல இருந்து ப்ரோட்டானில ஓடக்கூடியதுதான், கேம் செய்தவை சம்மதிச்சாக் காணும், ஆனா கனபேர் சம்மதிக்கினம் இல்ல. வாங்க முதல் ப்ரோட்டான்டிபி எண்ட தளத்தில கேமின்ர பேரை அடிச்சுப் பாருங்கோ, பிளாட்டினம், கோல்ட் எண்டிருந்தா வாங்கலாம், போர்க்ட் (ஓடாது) எண்டு கிடந்தா டொலரைக் கரைக்காதேங்கோ. என்னைக் கேட்டா தனிய இருந்து விளையாடுற ஆளுக்குப் பத்துக்கு எட்டு, கூட்டாளியளோட சேந்து அடிக்கிற பெடியளுக்கு மூண்டு. மருமகன்ர கூட்டாளியள் ஆறு பேரும் வலோரண்ட், அவருக்கு நான் விட்ச்சரைக் காட்டி என்ன செய்ய.

ஆனா அத்தான் வேற. லொறி ஓட்டுறவர், கிளிநொச்சியில நெல் ஏத்திக்கொண்டு தம்புள்ளை போய் வாறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போட்டு வைச்சிருந்தன், அதுக்கும் லினக்ஸ் வேர்ஷன் இருக்கு, இந்தக் கார்டில வழுக்கிக்கொண்டு போகும். வந்து பின்னால நிண்டு பாத்தவர், "டேய், உவ்வளவு லோட்டோட டொப் கியரில ஏறுமோடா?" எண்டு கேட்டுப்போட்டு என்னை எழுப்பிவிட்டிட்டு இருந்திட்டார். பிரான்ஸில வலப்பக்கம் ஓட அவருக்கு ஏலாது, மூண்டு தரம் எதிர்ல வந்த காரோட மோதிப்போட்டு "இவங்கள் எல்லாம் பிழைப்பக்கம் வாறாங்கள்" எண்டு ஏசினார். டோவர் துறைமுகம் கடந்து இங்கிலாந்துக்குள்ள விட்டன், அங்க எங்கட மாதிரி இடப்பக்கம். இப்ப அவர் இங்கிலாந்தை விட்டு வெளியால லோட் எடுக்கிறேல்ல.

மருமகனுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டு வாங்கித் தனிய விண்டோஸ் 10 போட்டுக் குடுத்திட்டன், சப்போர்ட் இல்லாட்டியும் பரவாயில்ல, அவருக்குத் தேவை ஒரே ஒரு கேம்தானே. ஞாயிறு பின்னேரம் மட்டும் பெட்டி மின்ட்டில நிக்கோணும், அது அத்தான்ர ஓடர்.