பிள்ளைக்கு முதல் வயலின்: வாடகையா, சொந்தமா?

விஜயதசமி முடிந்த கையோடு எங்கள் வேலூரில், காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வயலின் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. என் மகளுக்கு ஏழு வயதில் நான் சொந்தமாகவே வாங்கினேன். வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும்.

முதல் காரணம் அளவு. கால், அரை, முக்கால், முழு என்று வயலினில் அளவுகள் உண்டு. வயலினைத் தோளில் வைத்துப் பிள்ளை இடது கையை நீட்டினால், அதன் சுருண்ட தலை உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நம் முறைப்படி தரையில் உட்கார்ந்து கணுக்காலில் ஊன்றி வாசித்தாலும் விரல் எட்டும் கணக்கு மாறாது. யூனிஃபார்ம் மாதிரி 'வளர்ந்துடுவா' என்று பெரிதாக வாங்கினால், மத்திமத்துக்கு ('ம' ஸ்வரம்) விரல் எட்டாமல் ஸ்வரம் கீழேயே நிற்கும். முழு அளவுக்கு வரப் பன்னிரண்டு வயதாவது ஆகும். அதற்குள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். வாடகை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மலிவான புது வயலின். நான் வாங்கிய அரை அளவு வயலின் பளபளவென்று இருந்தது; தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைதான் நிற்கவில்லை. மே மாத வேலூர் வெயிலில் மரம் சுருங்கி, சுருதி சேர்த்த ஐந்தாவது நிமிடம் தந்தி தளர்ந்துவிடும். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையும் அதிக உயரம். தந்தியை அழுத்தி அழுத்தி அவள் விரல்நுனியில் கோடு விழுந்தது. "எனக்கு வரலைப்பா" என்றாள். ஒருநாள் டீச்சர் தன்னிடமிருந்த பழைய அரை அளவு வயலினைக் கொடுத்தார். ஆரம்பப் பாடமான அதே ஜண்டை வரிசை அன்றைக்குச் சுத்தமாக வந்தது. அதே காசுக்கு நல்ல வாத்தியத்தை வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த மூன்று மாத அழுகை இருந்திருக்காது.

வாடகையிலும் பார்க்க வேண்டியவை உண்டு. வில்லில் குதிரைவால் முடி உதிர்ந்திருக்கிறதா, தந்தி அறுந்தால் யார் செலவு, முன்பணத்தில் எதைப் பிடிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். இருக்கும் கீறல்களை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

பெரியவர்கள் கற்பதானால் கதை வேறு. அளவு மாறாது, டீச்சரைக் கூட்டிப்போய், வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடலாம். வீணைக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அதன் 24 மெட்டுகளும் (ஸ்வரத்துக்காகத் தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) மெழுகில் நிற்பவை. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதிப்படி பதிக்க, ஆள் கிடைப்பாரா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள்.

மகள் இப்போது முக்கால் அளவில் வாசிக்கிறாள். வாடகை வயலின்தான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவளே சுருதி சேர்த்துக்கொள்கிறாள், பிரடை நிற்கிறது.