கேழ்வரகுக் களத்தில் பிக்கிள்பால்: பிள்ளைகளுக்கு வாங்கிய மரப் பேட் செட்

போன மே மாதம் விடுமுறைக்கு ஓசூரிலிருந்து அக்கா பையன் காவேரிப்பட்டணம் வந்தபோது இந்த செட்டை வாங்கினேன். அவனுக்கு 11 வயது, என் மகளுக்கு 7. இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. ஷட்டில் ஆடவிட்டால் காற்று இறகை எங்கேயோ கொண்டுபோய்விடும். கிரிக்கெட் என்றால் பாப்பாவுக்குப் பந்து பொறுக்கும் வேலைதான். "பிக்கிள்பால் வாங்கலாம் மாமா, பாப்பாவும் ஆடுவா" என்று அவன் நான்கு நாள் விடாமல் கேட்டான். தாழ்வான வலைக்கு இரண்டு பக்கமும் நின்று, துளை போட்ட பிளாஸ்டிக் பந்தைப் பேட்டால் தட்டி ஆடுவதுதான் பிக்கிள்பால்.

கிருஷ்ணகிரியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 1,450 ரூபாய். 2 மரப் பேட், 4 பந்து, ஒரு பை. வலை கிடையாது. ஸ்டாண்டோடு வலை வேண்டுமானால் 4,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகு காயவைக்கிற சிமெண்ட் களம் இருக்கிறது. கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். ஷட்டில் இரட்டையர் கோர்ட்டும் இதே அளவுதான். களத்தில் தாராளமாக அடங்கியது. கோடுகளை அம்மா கோலமாவில் இழுத்துக் கொடுத்தார். கயிறு பிடிக்கவில்லை, ஆனாலும் ஒரு கோடுகூடக் கோணவில்லை. வலைக்கு எங்கள் மளிகைக் கடையில் சேர்ந்துகிடந்த வெங்காயச் சாக்குகளில் 11 எடுத்துக் கோணி ஊசியால் தைத்தேன். ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் உயரம் வேண்டும். சாக்கு நடுவில் தானாகவே தொய்ந்ததால் அந்த 2 அங்குலத்துக்காக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆட்டம் பிறந்ததும் கிடைத்த சாமானை வைத்துத்தான். 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுது போகாமல் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் ஆரம்பித்தார்கள். ஷட்டில் ஆடச் சாமான் முழுசாக இல்லை. டேபிள் டென்னிஸ் பேட்டையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொடுத்து, வலையைக் கீழே இறக்கினார்கள். அப்புறம் பார்னி மெக்கல்லமும் சேர்ந்து விதிகளை வகுத்தார்.

இனி பேட். பெரியவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குத்தான் சரிப்படவில்லை. முதல் நாள் இரண்டு கையாலும் பிடித்து, பந்து வருவதற்கு முன்பே பேட்டின் நுனியைத் தரையில் ஊன்றிவிட்டாள். மூன்றாம் நாள் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். எங்கள் மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன்: 310 கிராம். பிடியும் தடிமன், அவள் விரல்கள் சுற்றி வந்து கட்டை விரலைத் தொடவே இல்லை. ஒரு பேட்டின் ஓரத்தில் சிராய் நீட்டிக்கொண்டிருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்தேன். சின்னக் கைகளுக்கு என்று விற்கிற சாமானில் இதையெல்லாம் அவர்களே பார்த்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிக்குத் திரும்பப் போய்ச் சொன்னதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் இலகுவான பேட் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். 900 ரூபாய். மரம் இல்லை, உள்ளே தேன்கூடு மாதிரி அமைப்பு, தராசில் 210 கிராம். பிடியின் மேல் சுற்றியிருந்த மெத்தென்ற பட்டையைப் பிரித்து, மெல்லிய நாடாவைச் சுற்றினேன். அன்று சாயங்காலமே ஒரு கையால் அடித்தாள். அந்த முதல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பந்துகளும் எங்கள் களத்துக்குத் தோதுப்படவில்லை. செட்டில் வந்தவை 26 பெரிய துளை உள்ள உள்ளரங்கப் பந்துகள். காற்றடித்தால் பக்கவாட்டில் நழுவுகின்றன. வெளியில் ஆட 40 சின்னத் துளை உள்ள பந்து வேண்டும். கொஞ்சம் கெட்டியானது, காற்றுக்கு நிற்கும். ஆனால் விரிசல் விடும். எங்களுக்கு இரண்டு போய்விட்டன. பாப்பா பழகும்வரை காற்றில்லாத காலையில் அந்தப் பெரிய துளைப் பந்தையே வைத்துக்கொண்டோம். அது மெதுவாக வரும், அவளுக்குப் பயம் இல்லை.

இத்தனை குறைக்குப் பிறகும் இந்த ஆட்டத்தை நான் விடாததற்குக் காரணம் அந்த 7 அடிக் கோடு. வலையிலிருந்து இரண்டு பக்கமும் 7 அடிக்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்கு 'கிச்சன்' என்று பெயர். எங்கள் வீட்டில் அது அடுப்படி ஆகிவிட்டது. உயரமான பையன் வலையோரம் நின்று பாப்பாவின் பந்தையெல்லாம் அடித்து நொறுக்க முடியாது. "அப்பா, இவன் அடுப்படிக்குள்ள நின்னு அடிச்சான்!" என்று அவள் கத்தினால் அவன் மறுபேச்சு பேசாமல் பந்தைக் கொடுத்துவிடுவான். சர்வீஸும் இடுப்புக்குக் கீழிருந்துதான். சர்வீஸ் பந்தும் அதற்கு வரும் பதிலும் ஒருமுறை தரையில் குதித்த பிறகே அடிக்க வேண்டும் என்பதால் ஏழு வயதுக் கண்ணுக்கும் பந்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

11 புள்ளி எடுத்து, 2 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்கிற கணக்கையெல்லாம் முதல் இரண்டு வாரம் நான் எடுக்கவே இல்லை. இருவரும் அடுப்படிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, பந்து விழாமல் எத்தனை தட்டு என்று சேர்ந்து எண்ணினார்கள். முதல் நாள் 3. பத்தாம் நாள் 31. அன்று அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து எண்ணினார். ஆடுவதற்கு முன் களத்தை நன்றாகக் கூட்டிவிடுங்கள், உமித்தூசி வழுக்கும். செருப்போடு விடாதீர்கள், ஷூ வேண்டும். தலைக்கு மேல் போகும் பந்துக்குப் பின்னோக்கி ஓடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் இந்த மர செட்டைத் தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்குத் தகும். அதற்குக் கீழே என்றால் செட்டாக வாங்காமல், இலகுவான பேட்டைத் தனியாகக் கேளுங்கள். பிள்ளையையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேட்டை ஒரு கையில் கொடுத்து, கையை முன்னால் நீட்டச் சொல்லி 20 வரை எண்ணுங்கள். அதற்குள் நுனி தாழ்ந்தால் அந்த பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.