ஆக்சினியம் இடுப்பு மூட்டுப் பந்து: மூன்று ஆண்டு அனுபவம்

குலசேகரத்தில் 30 ஆண்டுகள் ரப்பர் பால்வெட்டித் தேய்ந்துபோன என் தகப்பனாரின் வலது இடுப்பு மூட்டுக்கு, நாகர்கோவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் மாற்று அறுவை சிகிச்சை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவருக்கு வயது 57. "அண்ணாச்சி இன்னும் ரொம்ப காலம் நடக்கணும்" என்று சொல்லி மருத்துவர் கையில் வைத்த மாதிரிப் பந்து (தொடை எலும்பின் தலைக்குப் பதிலாகப் பொருத்துவது), பெரிய நெல்லிக்காய் அளவில், முகம் தெரியும் பளபளப்போடு கறுத்திருந்தது. ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனத்தின் ஆக்சினியம் அது.

பீங்கான் பூசிய உலோகம் என்று பலரும் இதைச் சொன்னாலும், இது பூச்சு அன்று. 97.5 சதவீதம் சிர்கோனியமும் 2.5 சதவீதம் நையோபியமும் கலந்த உலோகத்தைக் காற்றில் சுமார் 500 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கும்போது, ஆக்சிஜன் உட்புகுந்து அதன் மேற்பரப்பே சிர்கோனியா என்னும் பீங்கானாக மாறுகிறது. ஆகவே பெயின்ட் உரிவதைப் போல உரிவதற்குத் தனிப் படலம் எதுவும் இல்லை. உள்ளே உலோகமாகவே இருப்பதால், முழுப் பீங்கான் பந்துக்கு உள்ள நொறுங்கும் அச்சமும் இல்லை. பந்து அமர்ந்து சுழலும் கிண்ணத்தின் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) உறையிலிருந்து தேயும் துகள்கள் எலும்பை அரித்து மூட்டைத் தளர்த்துவது, 1962இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி அவ்வுறையைக் கையாளத் தொடங்கிய காலந்தொட்டு வரும் சிக்கல். கீறல் எளிதில் விழாத பந்து அத்தேய்மானத்தைக் குறைக்கும் என்பதே இதன் அடிப்படை. சிர்கோனியத்தின் மூலமான சிர்கான் நம் மணவாளக்குறிச்சி மணலிலும் கிடைக்கிறது என்றபோது, அப்பா அந்தப் பந்தை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

குறை ஒன்று உண்டு. அது சிறியதும் அன்று. அந்தப் பீங்கான் பகுதியின் தடிமன் சுமார் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு) மட்டுமே. மூட்டு நழுவி, அதைத் திரும்பப் பொருத்தும்போது பந்து கிண்ணத்தின் உலோக விளிம்பில் உரசினால், அப்பகுதி கிழிந்து கீழுள்ள மென்மையான உலோகம் வெளிப்பட்டு, தேய்மானம் பன்மடங்காகும். இதை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் மருத்துவமனையில் சொன்னார்கள். பந்தின் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையோ மூன்று முறை கேட்டபிறகே தந்தார்கள். இந்த எச்சரிக்கையை விளக்கவும், ஒட்டுச்சீட்டைத் தரவும் அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது வலியின்றித் தோட்டத்து மேட்டில் ஏறுகிறார். குத்தவைப்பதை மட்டும் அறவே விட்டுவிட்டார். ஒட்டுச்சீட்டு ரேஷன் அட்டையோடு இருக்கிறது.