பெரிய கலெக்‌ஷனுக்கு எந்த மியூசிக் பிளேயர்? ரொம்ப நாள் யூஸ் பண்ணிப் பாத்ததுல தெரிஞ்சது

மியூசிக் பிளேயர் வாங்கப் போறேன்னு யார் சொன்னாலும் உடனே ஆரம்பிக்கிற பேச்சு எந்த டாக் சிப் (டிஜிட்டல் ஃபைலை சவுண்டா மாத்துற சிப்) போட்டிருக்கான், சவுண்ட் எப்படிங்கிறதுதான். ஆயிரம் பாட்டு வச்சிருக்கவங்களுக்கு அது சரி. முப்பதாயிரம் நாப்பதாயிரம் பாட்டு வச்சிருந்தா கேள்வியே வேற. அத்தனையையும் அந்தக் குட்டி டப்பா தாங்குமா, தாங்குனாலும் நமக்கு வேணுங்கிற பாட்டை சட்டுனு எடுத்துக் குடுக்குமா. என்கிட்ட ஒரு ஆண்ட்ராய்டு பிளேயர், ஆண்ட்ராய்டு இல்லாத சின்ன பிளேயர் ஒண்ணு, உள்ள எஸ்டி கார்டு போட்டு மாத்துன பழைய ஐபாட் கிளாசிக் ஒண்ணு இருக்கு, மூணையும் வருஷக்கணக்கா மாத்தி மாத்தி ஓட்டிட்டு இருக்கேன், அதை வச்சுதான் சொல்றேன்.

முதல்ல இடக்கணக்கு. சிடி குவாலிட்டின்னா செகண்டுக்கு 1411 கிலோபிட், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 635 எம்பி. ஃப்ளாக்ல, அதாவது குவாலிட்டி குறையாம சுருக்குற ஃபார்மட்ல போட்டா அது பாதி, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல வரும், ஆல்பத்துக்கு 300, 400 எம்பின்னு வச்சுக்கலாம். 320 கிலோபிட் எம்பி3 நிமிஷத்துக்கு 2.4 எம்பிதான். ஆக ஒரு 1 டிபி கார்டுல ஃப்ளாக்காவே ரெண்டாயிரம் ஆல்பத்துக்கு மேல போகும். அந்தக் கார்டை விண்டோஸ்ல சொருகுனா 931 ஜிபின்னு காட்டும், பயப்பட வேணாம், கார்டு கம்பெனி 1000-ஆல கணக்கு போடுறான், விண்டோஸ் 1024-ஆல போடுது. ஹை-ரெஸ்னு சொல்ற 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் சுருக்குறதுக்கு முன்னாடி சிடியை விட மூணு மடங்குக்கு மேல, டிஎஸ்டி64ங்கிற இன்னொரு ஹை-ரெஸ் ஃபார்மட் மணிக்கு 2.5 ஜிபி கிட்ட. இது ரெண்டும் வீட்டுல கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், கையில எடுத்துட்டுப் போறதுல இடத்தை அடைக்கிறதைத் தவிர பெருசா ஒண்ணும் தெரியல எனக்கு.

இப்ப மெயின் மேட்டர், ஸ்கேன். கார்டை உள்ள போட்டதும் பிளேயர் ஒவ்வொரு ஃபைலையும் தொறந்து டேக் (ஃபைலுக்குள்ள இருக்குற பாட்டு, ஆர்டிஸ்ட், ஆல்பம் பேர்) படிச்சு டேட்டாபேஸ் ஒண்ணு கட்டும், அதுக்கு அப்புறம்தான் ஆர்டிஸ்ட், ஆல்பம்னு லிஸ்ட் வரும். ஆண்ட்ராய்டு பிளேயர்ல ராம் ஜிபி கணக்குல இருக்கு, ப்ராசஸர் பரவால்ல, அதனால முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுத்தாலும் முடிச்சிரும், அப்புறம் புதுசா போட்ட பாட்டை மட்டும் சேத்துக்கும். சின்ன பிளேயர்ல ராமே கொஞ்சூண்டுதான், பாதி வழியில நின்னுடும், இல்ல முடிஞ்சிருச்சுன்னு சொல்லும் ஆனா கடைசி ஆயிரக்கணக்கான பாட்டு லிஸ்ட்லயே இருக்காது, எர்ரர்கூட காட்டாது, நாமளா ஒரு ஆல்பத்தைத் தேடி காணோம்னு ஆகும்போதுதான் தெரியும். சில மாடல்ல லைப்ரரிக்கு இத்தனை பாட்டுதான்னு லிமிட்டே இருக்கு, அதை டப்பா மேல போடவே மாட்டாங்க, மேனுவல்ல எங்கயாவது ஒரு வரியா இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்க வேண்டிய நம்பர்னா என்னைப் பொறுத்தவரை அது ஒண்ணுதான்.

லைப்ரரி சொதப்புனாலும் ஃபோல்டர் வியூ இருந்தா பொழச்சுக்கலாம். அதனாலதான் நான் எல்லாத்தையும் ஆர்டிஸ்ட், அதுக்குள்ள வருஷத்தோட ஆல்பம், அதுக்குள்ள 01, 02ன்னு நம்பர் போட்ட பாட்டுன்னு அடுக்கி வச்சிருக்கேன், எந்த பிளேயர்ல சொருகுனாலும் வேலை செய்யும். ஆனா மேல் ஃபோல்டர்ல ஆயிரம் பேர் வரிசையா நின்னா பட்டனை அமுக்கி அமுக்கி கட்டைவிரல் தேஞ்சிரும், எழுத்து வாரியா ஃபோல்டர் பிரிச்சதும் அந்தத் தொல்லை போச்சு. ஆண்ட்ராய்டுல இந்தப் பிரச்சனையே இல்ல, கீபோர்டு இருக்கு, நாலு எழுத்து அடிச்சா பாட்டு வந்துரும், பெரிய கலெக்‌ஷனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு சர்ச் இல்லாத பிளேயரை ஒரு வாரம் ஓட்டிப் பாத்தாதான் புரியும்.

ஐபாட் கிளாசிக் ஆப்பிள் 2014லயே நிறுத்துனது, ஆனா அந்த வீலை சுத்தி லிஸ்ட்ல போற வேகத்துக்கு இன்னும் டச் ஸ்கிரீன் கிட்டகூட வரல, இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க. உள்ள இருந்த 1.8 இஞ்ச் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்டி கார்டு அடாப்டர் போட்டா எடையும் குறையுது, ஓடுற பாகமும் இல்ல. ராம் 64 எம்பிதான், ஆப்பிளோட சொந்த சாஃப்ட்வேர் பல்லாயிரக்கணக்குல பாட்டு ஏத்துனா திணறும், ஃப்ளாக்கும் பாடாது, ஐட்யூன்ஸ் மாதிரி ஏதாவது வழியாதான் பாட்டு ஏத்தணும். அதுக்குப் பதிலா ராக்பாக்ஸ்ங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டுட்டா இந்தத் தொல்லையெல்லாம் போயிடும், ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டாப் போதும். ரெண்டு விஷயம் மட்டும் கவனிக்கணும். ஒண்ணு, கார்டை ஃபேட்32ங்கிற ஃபைல் சிஸ்டத்துல ஃபார்மட் பண்ணணும், விண்டோஸோட வழக்கமான ஃபார்மட் விண்டோல 32 ஜிபிக்கு மேல அந்த ஆப்ஷன் வராது, அதுக்குன்னு ஃப்ரீ டூல் இருக்கு. இன்னொண்ணு, பிளேலிஸ்ட்ல எத்தனை பாட்டு வரலாம்னு செட்டிங்ஸ்ல ஒரு லிமிட் இருக்கு, அதை ஏத்தி விடலைன்னா ஷஃபிள் போடும்போது மொத்த கலெக்‌ஷனும் கலையாது, ஒரு பகுதிதான் சுத்தி சுத்தி வரும்.

அடுத்தது டேக், இது பிளேயர் பிரச்சனை இல்ல, ஆனா எந்த பிளேயரையும் குப்பையா காட்டிடும். ஒரே ஆல்பத்துல ஆறு பேர் பாடியிருந்தா, ஆல்பம் ஆர்டிஸ்ட் டேக் காலியா இருந்தா, அந்த ஆல்பம் ஆறு துண்டா உடைஞ்சு லிஸ்ட்ல ஆறு இடத்துல நிக்கும். ஒரே பாடகர் பேர் மூணு ஸ்பெல்லிங்ல இருந்தா மூணு ஆளு. டேக் திருத்துறதுக்கு எம்பி3டேக், பிக்கார்டுன்னு சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்ல ரெண்டுமே ஃப்ரீதான், உக்காந்து ஒரு தடவை சரி பண்ணிட்டா போதும், போரடிக்கிற வேலை, ஆனா புதுசா பிளேயர் வாங்குற அளவுக்கு வித்தியாசம் தெரியும். தமிழ்ல டேக் போடுறவங்களுக்கு தனியா ஒண்ணு, ஆண்ட்ராய்டுல அழகா வரும், சின்ன பிளேயர்ல கட்டம் கட்டமா வரும், இல்லேன்னா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் உக்காந்துக்கும், படிக்கவே முடியாது. அந்த பிளேயருக்குப் போற கார்டுல மட்டும் நான் இங்கிலீஷ்ல பேர் வச்சிருக்கேன்.

ஆல்பம் படத்தையும் பாருங்க. ஒவ்வொரு பாட்டுக்குள்ளயும் 5 எம்பி படம் உக்காந்திருந்தா, ஆல்பத்துக்கு 12 பாட்டுன்னா, 500 ஆல்பத்துக்கு படம் மட்டுமே 30 ஜிபி. அந்த ரெண்டு இஞ்ச் ஸ்கிரீனுக்கு 500 பிக்ஸல் போதும், ஸ்க்ரோலிங்கும் உடனே லேசாயிடும்.

கார்டு வாங்குனதும் பாட்டு ஏத்தாதீங்க, முதல்ல எச்2டெஸ்ட்டபிள்யூ இல்ல எஃப்3ங்கிற கார்டு டெஸ்ட் பண்ற டூல் வச்சு முழுசா எழுதிப் படிச்சு செக் பண்ணுங்க. போலி கார்டு 1 டிபின்னு காட்டும், உள்ள 64 ஜிபிகூட இருக்காது, அதுக்கு மேல எழுதுறது எல்லாம் காத்துல போயிடும். அப்புறம் பாட்டை பிளேயர்ல கேபிள் சொருகி ஏத்தாம கார்டு ரீடர்ல ஏத்துங்க, யூஎஸ்பி 2.0 பிளேயர்ல செகண்டுக்கு 25 எம்பி கிடைச்சா 600 ஜிபிக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆகும், நல்ல ரீடர்ல 90 வந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

சவுண்ட் பத்தி கேப்பீங்க. மூணுமே நல்லாத்தான் இருக்கு, ஹெட்ஃபோன் மாத்துனா தெரியுற வித்தியாசத்துல கால்வாசிகூட பிளேயர் மாத்துனா தெரியல. ப்ளூடூத்ல கேக்குறவங்க டாக் சிப்பை மறந்துருங்க, அப்ப வேலை செய்யுறது ஹெட்ஃபோனுக்குள்ள இருக்குற சிப், ப்ளூடூத்ல நல்ல குவாலிட்டிக்குன்னு இருக்குற எல்டாக் ஃபார்மட்டே உச்சத்துல 990 கிலோபிட்தான்.

பேட்டரிதான் இழுக்குது. ஆண்ட்ராய்டு பிளேயர் புதுசுல நாள் முழுக்க வந்தது இப்ப சாயங்காலத்துக்கே சார்ஜர் கேக்குது, பின்னாடி ஒட்டி வச்சிருக்கான், தொறக்கவே பயமா இருக்கு. அதோட ஆண்ட்ராய்டு வெர்ஷனும் வாங்குன இடத்துலயே நிக்குது, ஸ்ட்ரீமிங் ஆப் ஒண்ணு ஏற்கனவே அப்டேட் வராதுன்னு சொல்லிருச்சு. ஐபாடுக்கு இன்னும் பேட்டரி கிடைக்குது, பின்பக்கத்தை நெம்பி எடுக்க கொஞ்சம் பொறுமை வேணும் அவ்ளோதான். இப்போதைக்கு வெளிய போனா ஐபாட், பாட்டு பேர் மட்டும் ஞாபகம் இருந்து தேடிக் கேக்கணும்னா ஆண்ட்ராய்டு, சின்ன பிளேயர்ல ஒரு இருநூறு ஆல்பம் மட்டும் போட்டு நடக்கப் போகும்போது எடுத்துட்டுப் போறேன், அந்த அளவுக்கு அது சூப்பரா ஓடுது.