கடலோர வீட்டுக்கு எது சரி: ஏர்கூலரா, ஏசியா, பிஎல்டிசி ஃபேனா?

சித்திரை பிறந்தால் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைக் கடைகளில் ஏர்கூலர் வரிசைகட்டி நிற்கும். ஏசியைவிட விலை குறைவு, மின்சாரமும் 150, 200 வாட்தான். ஆனாலும் கடற்கரைக்கு அது ஆகாது. தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே ஆவியாவது? கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் 39 டிகிரி வெயில், 35 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் 29 டிகிரி வரை இறக்கிவிடும், பத்து டிகிரி லாபம். பாம்பனில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 30-க்குக் கீழே போகாது. அந்தக் காற்றும் நசநசவென்று இருப்பதால் வியர்வை உலராது. ஏசி போலக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கூலரில் தண்ணீர் நனையும் பேடு உப்புப் படிந்து கட்டியாகிவிடும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் ஒரு ராத்திரிக்கு 40 லிட்டர் எப்படிக் கட்டுபடியாகும்?

ஏசி ஈரத்தையும் இழுப்பதால் இங்கே உண்மையில் வேலை செய்வது அதுதான். 1 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் ஓட்டினால் எட்டு மணி நேரத்துக்கு 4 முதல் 6 யூனிட் ஆகும். அதன் எதிரி உப்புக்காற்று. அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அரிப்பு தொடங்கிவிட்டது. வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், பில் ஏறும். அரிப்பைத் தடுக்கும் கோட்டிங் செய்த காயில் (குழாய்ச் சுருள்) உள்ளதாக வாங்குங்கள். கடலைப் பார்த்த சுவரிலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக மோதும் பக்கத்திலும் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தி அடித்தால் தகடு மடங்கிவிடும்.

கரண்ட் பில்லின் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனின் அருமை இங்கேதான் தெரியும். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவைத்தால் ஃபேன் இரையும், உள்ளிருக்கும் போர்டும் போய்விடும்.

எதை வாங்குவதற்கு முன்பும் மாடியைக் கவனியுங்கள். இரவு 9 மணிக்கு ஸ்டூலில் ஏறி உள்கூரையில் கை வைத்தால் சுடுகிறதா? அப்படியென்றால் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். முதலில் மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளை அடித்து வெயிலைத் திருப்பிவிடுங்கள். அதற்குச் சுண்ணாம்பா, கூல் ரூஃப் பெயின்ட்டா என்றால், பெயின்ட் சில வருடம் நிற்கும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரையும், ஆனால் செலவு மிகக் குறைவு. சொந்தக் கைவேலை என்றால் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, பங்குனிக்குள் இரண்டு கை அடியுங்கள். பெயின்ட்டுக்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொப்பளிக்கும். சுண்ணாம்புக்கு நேர்மாறு: சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். சுடுகிற தளத்தில் அடித்தால் மறுநாளே காலில் மாவாக ஒட்டும். இதற்கும் உப்புத் தண்ணீர் வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.