அமிலமா, நீராவியா? கொட்டாங்குச்சிக் கரியில் நான் எடுத்த முடிவு

கொட்டாங்குச்சியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீரைச் சுத்தம் செய்ய உதவும், நுண்துளைகள் நிறைந்த கரி) செய்ய பாஸ்பாரிக் அமிலம், நீராவி இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் நீராவிப் பக்கம் வந்துவிட்டேன்.

உலைக் கணக்கு மட்டும் பார்த்தால் அமிலம்தான் ஜெயிக்கும். கொட்டாங்குச்சித் தூளை அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் படாமல் 400–500 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுட்டால் போதும். தாராகப் போகவேண்டியதையும் அமிலம் பிடித்து வைத்துக்கொள்வதால் கரியும் கூடுதலாகத் தேறும். நீராவிக்கு இரண்டு சூடு: முதலில் கரியாக்க வேண்டும், அப்புறம் 800–900 டிகிரியில் நீராவி செலுத்த வேண்டும். நீராவி கரியைத் தின்றுதான் துளை போடுகிறது, அதனால் எடை நன்றாகவே குறையும். வெளியே வருவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் என்பதால் புகைபோக்கியில் அலட்சியம் கூடவே கூடாது.

சரி, அப்படியிருந்தும் ஏன் நீராவி? கழுவுவதுதான் காரணம். அமிலக் கரியை உலையிலிருந்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன், உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொதிநீரில் நாலு தடவை அலசி வடிகட்டிய பிறகும் பிஎச் தாளைத் தொட்டால் சிவப்புதான், அதாவது அமிலம் இன்னும் போகவில்லை. துளைகளுக்குள் ஒட்டிய பாஸ்பேட் (அந்த அமிலத்தின் மிச்சம்) கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்து வரும், ஒவ்வொரு அலசலிலும் நுண்தூள் வடிதாளை அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? பாஸ்பேட் குளத்தில் சேர்ந்தால் பாசி மண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கரி செய்கிறோம், அதற்காக வேறு தண்ணீரைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரைகுறையாகக் கழுவினால் மிச்ச அமிலம் சுத்திகரிக்கப் போகிற தண்ணீரிலேயே கசியும். பெரிய ஆலைகள் முதல் அலசல் நீரிலிருந்து அமிலத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துகின்றன, சிறிய அளவில் செய்பவர்களுக்கு அந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது.

நீராவிக் கரியில் ஒட்டியிருப்பது கொஞ்சம் சாம்பல்தான், ஓரிரு அலசலில் போய்விடும். கொட்டாங்குச்சியில் சாம்பல் குறைவு என்பதும் கைகொடுக்கிறது. கையில் அள்ளினால் கூழாங்கல் போலச் சலசலக்கும், விரலால் நசுக்கினாலும் பொடியாகாது, குழாயில் நிரப்பித் தண்ணீர் விட அதுதான் தோது. துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் சிறிய கரிம மூலக்கூறுகளை நன்றாகப் பிடிக்கும், குளோரினையும் நீக்கும்.

பெரிய சாய மூலக்கூறுகள் என்றால் அகலமான துளைகள் உள்ள அமிலக் கரிதான் சிறந்தது. ஈயம் போன்ற உலோக அயனிகளுக்கும் அதன் மேற்பரப்பிலுள்ள அமிலத் தொகுதிகள் உதவும். அந்த வேலைக்கு என்னைக் கேட்டால் அலுப்புப் பார்க்காமல் கழுவுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவதாக, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைப் பயன்படுத்தும் முறையில் துளைகளின் உள்பரப்பு கிராமுக்கு 3000 சதுர மீட்டர் வரைகூட எட்டலாம். நான் ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, ஆனால் அதிலும் கழுவும் வேலை கொஞ்சமும் குறையவில்லை. கொட்டாங்குச்சிக்குப் பதில் உமியில் கரி செய்வது வேறு கதை: அதன் சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, நீராவி அதை அசைக்காது, காரத்தில் கரைத்தால்தான் போகும். உமிதான் கையில் இருக்கிறது என்றால் நான் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.