ஹிட்ச்காக் படம்பிடித்த தெருவில் ஒரு பகல்: சாண்டா ரோசா நடைப் பயணம்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் சாண்டா ரோசாவில், இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' என்ற திகில் படத்துக்காக 1942இல் காட்சிகள் எடுத்த இடங்களை ஒரே பகலில் நடந்தே பார்த்துவிடலாம். அப்படிப் போய் வருவது செலவழிக்கும் நேரத்துக்குத் தகுமா என்று கேட்டால், படத்தை அண்மையில் பார்த்தவர்களுக்குத் தகும் என்பேன். பார்க்காதவர்களுக்கு அது மரங்கள் அடர்ந்த ஓர் அமைதியான ஊர், அவ்வளவுதான்.

கார் இல்லாமலே போகலாம் என்பது இந்தப் பயணத்தின் முதல் வசதி. சான் ஃபிரான்சிஸ்கோ படகுத்துறையிலிருந்து லார்க்ஸ்பர் வரை படகு. அங்கிருந்து 'ஸ்மார்ட்' எனப்படும் வட்டார ரயில், சுமார் ஒரு மணி நேரம். படகை விட்டு இறங்கி ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும் என்பதை அறியாமல் கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதால், கண்ணெதிரே ஒரு ரயிலைத் தவறவிட்டேன். ரயில்கள் அடுத்தடுத்து வருவதில்லை. கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்மார்ட் ரயில் நம்மை இறக்கிவிடும் இடமே படத்தின் முதல் தடயம். நடைமேடைக்குப் பக்கத்தில், உள்ளூர் எரிமலைப்பாறையை வெட்டி அடுக்கிக் கட்டிய பழைய ரயில் நிலையம் நிற்கிறது. ஊரைத் தரைமட்டமாக்கிய 1906 நிலநடுக்கத்தையே தாங்கிய கட்டடம் அது. இப்போது சுற்றுலாத் தகவல் மையமாக இருக்கிறது. படத்தின் வில்லனான சார்லி மாமா, தன் அக்காள் வீட்டுக்கு ரயிலில் வந்து இறங்கும் காட்சி இங்கேதான் எடுக்கப்பட்டது. இன்ஜின் கக்கும் புகை கன்னங்கரேலென்று வானத்தை மறைக்க வேண்டும், ஊருக்குள் சைத்தான் வந்துவிட்டான் என்பதை அந்தப் புகையே சொல்ல வேண்டும் என்று ஹிட்ச்காக் கேட்டு வாங்கிய காட்சி. சுவரின் கற்களைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பாக, நண்பகல் வெயிலிலும் நிழல் பக்கம் சில்லென்று இருந்தன. மொத்தப் பயணத்தில் திரையில் கண்டதும் நேரில் கண்டதும் முழுமையாகப் பொருந்திய இடம் இது ஒன்றே.

அந்த வருகையின் கனம் ஒரு தமிழ் மனதுக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். வருகிறவன் தாய்மாமன். அக்காள் பூரிக்கிறாள், அவன் பெயரையே சூட்டிக்கொண்ட அக்காள் மகள் துள்ளுகிறாள், வீட்டின் நல்ல அறை அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. அவனோ பணக்கார விதவைகளைக் கொன்றவன் என்று சந்தேகிக்கப்பட்டுத் தேடப்படுகிறவன்.

ரயில் நிலையத்திலிருந்து நான்காம் தெரு வழியாக மெக்டொனால்ட் அவென்யூவுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இந்த நடைதான் பயணத்தின் பலவீனமான பகுதி. 101ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகக் கிழித்துப் போகிறது. அதை ஒட்டி நிற்கும் பேரங்காடி தெருவையே அடைத்துக்கொண்டிருப்பதால், அதற்குள் நுழைந்து வெளியேறியோ சுற்றிக்கொண்டோதான் நகர மையத்தை அடைய முடியும். 1969 அக்டோபர் முதல் தேதி அடுத்தடுத்து வந்த இரண்டு நிலநடுக்கங்களுக்குப் பிறகு பழைய கடைத்தெருக் கட்டடங்கள் பலவும் இடிக்கப்பட்டன. நீதிமன்றச் சதுக்கத்தில் இப்போது நீதிமன்றம் இல்லை. படத்தில் வரும் போக்குவரத்துக் காவலரும் நெரிசலும் எந்த முனையில் என்று தேடி, இரண்டு முறை தெருவைக் கடந்து, பிறகு விட்டுவிட்டேன்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடத்தில் பார்க்க எதுவுமே இல்லை. ஒன்பது மணிக்கு மூடப்போகும் நூலகத்துக்குள் கெஞ்சி நுழைந்து, மாமா கிழித்தெடுத்து மறைத்த செய்தியை அந்த அக்காள் மகள் படிக்க, கேமரா மெல்ல மேலே ஏறி அவளைத் தனியாக விட்டுவிடும் காட்சி நினைவிருக்கலாம். அவள் நுழையும் அந்தக் கொடி படர்ந்த கார்னகி நூலகம் 1960களில் இடிக்கப்பட்டு, அங்கேயே புதிய பொது நூலகம் எழுந்துவிட்டது. உள்ளே போய் நாளிதழ் அடுக்கின் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்.

மெக்டொனால்ட் அவென்யூ ஏமாற்றவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஊரின் கிழக்கு விளிம்பில் வசதியானவர்களுக்காக உருவான இந்தப் புறநகர்த் தெரு, அகன்ற புல்வெளிகளும் ஓங்கிய மரங்களுமாக அப்படியே இருக்கிறது. போர்க்கால விதிப்படி ஒரு படத்துக்குப் புதிதாக அரங்கப் பொருள்கள் வாங்க 5,000 டாலருக்கு மேல் செலவிடக் கூடாது என்றிருந்ததும் ஹிட்ச்காக் உண்மையான ஊரைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம். அக்காள் குடும்பத்தின் வீடாகக் காட்ட இந்தத் தெருவில் தேர்ந்தெடுத்த வீட்டின் உரிமையாளரோ, தன் வீடு படத்தில் வரப்போகிறதென்ற மகிழ்ச்சியில் புது வண்ணம் அடித்துவிட்டார்; படக்குழு அதை அழுக்காக்கிப் படம்பிடித்து, பிறகு மறுபடியும் வண்ணம் பூசிக் கொடுத்தது. அக்காள் மகளின் கண்ணாடி அணிந்த தங்கையாக நடித்த எட்னா மே வோனகாட்டும் இந்த ஊர் மளிகைக்கடைக்காரரின் மகள்தான்.

வீட்டில் இப்போதும் மக்கள் குடியிருக்கிறார்கள். எனவே எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படத்தில் பயமுறுத்தும் பின்பக்கப் படிக்கட்டைத் தேடி யாரும் வேலிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒரு கார் மெதுவாகக் கடந்து போனது, எங்கோ ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது. திரும்பிப் பார்க்க ஏன் தோன்றியதென்று தெரியவில்லை, பார்த்தேன்.

இதே தெருவின் இன்னொரு வீடு 1996இல் வந்த 'ஸ்க்ரீம்' என்ற திகில் படத்திலும் இடம்பெற்றது. அந்தப் படத்துக்குச் சாண்டா ரோசா உயர்நிலைப் பள்ளியைத் தர ஊரின் பள்ளி வாரியம் மறுத்துவிட, படக்குழு தன் இறுதிப் பெயர்ப் பட்டியலில் அந்த வாரியத்துக்கு 'எந்த நன்றியும் இல்லை' என்று எழுதியே வைத்தது. அதன் ஊர்ச் சதுக்கக் காட்சிகள் வடக்கே ஹீல்ட்ஸ்பர்கில் எடுக்கப்பட்டவை. அதையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் கார் வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்றரையும் நெடுஞ்சாலைக்கும் பேரங்காடிக்கும். நல்ல காலணி அணிந்து போங்கள். முந்தைய இரவே படத்தைப் பார்த்துவிடுங்கள். நூலகம் எந்த நாளில் விடுமுறை என்பதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.